கணினி கேள்வி–பதில்: லினக்ஸில் தேதியும் நேரமும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை லினக்ஸ் கணினியின் கடிகாரத்தைப் பற்றியவை என்பதால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். 'நேரம் தவறாக இருக்கிறது' என்று மட்டும் எழுதியவர்களுக்குப் பதில் சொல்ல இயலவில்லை. எவ்வளவு தவறு, எப்போது தவறு என்பதையும் சேர்த்து எழுதியவர்களின் கடிதங்களில் காரணம் பெரும்பாலும் அந்த அளவிலேயே தெரிந்துவிட்டது. இங்கே கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். நீங்கள் அவற்றை டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில், ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும். அடிக்கடி வரப்போகும் 'டைம்டேட்சிடிஎல்' என்பது டைம், டேட் என்ற இரு ஆங்கிலச் சொற்களோடு சி, டி, எல் என்ற மூன்று எழுத்துகளையும் இடைவெளியின்றிச் சேர்த்து எழுதும் ஒரே சொல்லாகும்.

கேள்வி: திருமண அழைப்பிதழ் அச்சிடும் சிறிய அச்சகம் நடத்தி வருகிறேன். கடையிலுள்ள பழைய மேசைக் கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் வகை இருக்கிறது. சில மாதங்களாகக் காலையில் கடை திறந்து கணினியை இயக்கினால், இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு குறிப்பிட்ட தேதியையே தினமும் காட்டுகிறது. திருத்திவிட்டால் மாலைவரை ஒழுங்காக ஓடுகிறது. மறுநாள் காலையில் மறுபடியும் அதே பழைய தேதி. அந்த நிலையில் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்ற எச்சரிக்கை வருகிறது. லினக்ஸ் தொடங்கும் முன் திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புத் திரையிலோ 2010ஆம் ஆண்டு என்று இருக்கிறது. இது வைரஸா? உபுண்டுவை அழித்துவிட்டு மீண்டும் நிறுவ வேண்டுமா?
– அச்சக உரிமையாளர், சிம்மக்கல், மதுரை

பதில்: வைரஸ் இல்லை, உபுண்டுவை அழிக்கவும் வேண்டாம். உங்கள் கணினியின் மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது.

ஒவ்வொரு கணினியிலும் இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று மதர்போர்டில் உள்ள வன்பொருள் கடிகாரம். நொடிக்கு 32,768 முறை அதிரும் சிறிய குவார்ட்ஸ் படிகத்தின் துணையோடு, கணினி அணைந்திருக்கும்போதும் அது ஓடிக்கொண்டிருக்கும். மற்றொன்று லினக்ஸ் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் கடிகாரம். 1970 ஜனவரி 1 முதல் எத்தனை நொடிகள் கடந்தன என்று எண்ணிக்கொண்டே போவதுதான் அதன் வேலை. கணினி இயங்கத் தொடங்கும்போது லினக்ஸ் முதல் கடிகாரத்தை ஒருமுறை பார்த்து இரண்டாவதை அமைத்துக்கொள்ளும். அதன் பிறகு இரண்டும் தனித்தனியே ஓடும். எனவே பகல் முழுவதும் நேரம் சரியாக இருந்து காலையில் மட்டும் தவறுகிறது என்றால், இரவில் விழித்திருக்க வேண்டிய முதல் கடிகாரம்தான் நின்றுபோகிறது.

இரவில் கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் வழக்கம் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். கணினியை அணைத்த பிறகும் சுவர் பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை பவர் சப்ளையிலிருந்து சிறிதளவு மின்சாரம் மதர்போர்டுக்குச் சென்றுகொண்டேயிருக்கும். அது நின்றால் மட்டுமே பேட்டரியின் தயவு தேவைப்படும். ஒருநாள் இரவு மெயினை அணைக்காமல் விட்டுப் பாருங்கள். மறுநாள் காலையில் தேதி சரியாக இருந்தால் ஐயத்துக்கு இடமே இல்லை.

பயாஸ் 2010 என்று காட்டும்போது லினக்ஸ் மட்டும் ஏன் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தேதியைக் காட்டுகிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லத் தகுந்தது. இன்றைய லினக்ஸ் வகைகள் பெரும்பாலானவற்றைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி என்ற நிரல், வன்பொருள் கடிகாரம் சொல்லும் தேதி தான் உருவாக்கப்பட்ட தேதிக்கும் முந்தையதாக இருந்தால் அதை நம்பாமல், கடிகாரத்தைத் தன் பிறந்த தேதிக்கு முன்னே தள்ளிவைக்கும். அதனால்தான் தினமும் ஒரே தேதி வருகிறது. உங்கள் கணினியில் தானியங்கி நேரம் அணைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் இதிலிருந்து ஊகிக்கலாம். அது இயங்கியிருந்தால், கடைசியாகச் சரியாக இருந்த நேரத்தை, அதாவது முந்தைய நாள் மாலையை, கணினி நினைவில் வைத்திருந்து அங்கிருந்து தொடங்கியிருக்கும்.

இணையதளங்கள் மறுக்கப்படுவதும் இதனால்தான். ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று குறிக்கப்பட்ட ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. உங்கள் கணினியின் பார்வையில் அந்தச் சான்றிதழ் இன்னும் வழங்கப்படவே இல்லை. உபுண்டுவைப் புதுப்பிக்க முயன்றால் 'இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்ற பொருளில் வரும் பிழைச் செய்திக்கும், சில நாள்களில் கணினி தொடங்கும்போது வன்தட்டின் கடைசிப் பயன்பாட்டு நேரம் எதிர்காலத்தில் இருப்பதாக வரும் செய்திக்கும் இதுவே காரணம். எச்சரிக்கையைப் புறக்கணித்துத் தளத்துக்குள் நுழையும் பொத்தானை அழுத்தும் பழக்கம் மட்டும் வேண்டாம். தேதியைத் திருத்தினால் எச்சரிக்கை தானாகவே மறையும், மறையாவிட்டால் அந்த எச்சரிக்கையை மதிக்க வேண்டும்.

பேட்டரியின் பெயர் சிஆர்2032. இதில் 20 என்பது விட்டம் மில்லிமீட்டரில். 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமன். கைக்கடிகாரக் கடைகளிலேயே கிடைக்கும். சிஆர்2025 என்பதும் அதே அகலத்தில் இருப்பதால் கடைக்காரர் 'இதுவும் பொருந்தும்' என்று கொடுக்கக்கூடும். அது மெல்லியது, வாங்க வேண்டாம். மாற்றுவதற்கு முன் பயாஸுக்குள் சென்று, எந்த வட்டிலிருந்து தொடங்குவது என்பன போன்ற அமைப்புகளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது அவை தொடக்க நிலைக்குத் திரும்பிவிட்டால், கடிகாரத்தைச் சரிசெய்யப் போய்க் கணினியே தொடங்காமல் நிற்கும். பிறகு மின்கம்பியைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, பேட்டரியைப் பிடித்திருக்கும் சிறிய உலோகக் கொக்கியை நகத்தால் தள்ளினால் பேட்டரி தானே எம்பி வரும். எழுத்துப் பொறித்த பக்கம் மேலே இருக்கும்படி புதியதை வைத்து அழுத்துங்கள். மல்டிமீட்டர் வைத்திருந்தால் பழையதை அளந்து பார்க்கலாம். புதிய பேட்டரி 3 வோல்ட் அளவில் இருக்கும்.

இதன் பிறகு பலரும் ஒரு புதிய சிக்கலைத் தாமே வரவழைத்துக்கொள்கிறார்கள். பயாஸில் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை அமைத்துவிட்டு லினக்ஸுக்குள் வந்தால் அது ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். ஏனெனில் வன்பொருள் கடிகாரத்தில் இருப்பது உலகப் பொது நேரம் என்றே லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி அதிகம். காலை பத்து மணிக்கு பயாஸில் நான்கரை என்று இருப்பதுதான் லினக்ஸ் மட்டும் உள்ள கணினிக்குச் சரியான நிலை. ஆகவே பயாஸில் ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றை மட்டும் திருத்திவிட்டு, மற்றதை லினக்ஸிடம் விட்டுவிடுங்கள். அமைப்புகளில் 'தேதியும் நேரமும்' பகுதிக்குச் சென்று தானியங்கி நேரத்தை இயக்கினால் போதும்; டெர்மினலில் என்றால் 'சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ'. இணையம் கிடைத்ததும் நேரம் சரியாகும். சரியான நேரத்தை வன்பொருள் கடிகாரத்திலும் ஏறத்தாழ 11 நிமிடங்களுக்கு ஒருமுறை லினக்ஸின் மையப் பகுதியான கருநிரலே எழுதிவிடும். கையால் நேரம் அமைக்க விரும்பினால் முதலில் தானியங்கி நேரத்தை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் கணினி ஏற்காது.

பழைய தேதியில் சேமிக்கப்பட்ட அழைப்பிதழ்க் கோப்புகள், புதியவை முதலில் வரும்படி அடுக்கிப் பார்க்கும்போது பட்டியலின் அடியில் போய் ஒளிந்திருக்கும். வாடிக்கையாளர் திருத்தம் சொன்ன பிரதியை விட்டுவிட்டுப் பழைய பிரதியை அச்சுக்கு அனுப்பிவிடும் ஆபத்து இருப்பதால், இந்த மாதங்களில் செய்த வேலைகளை மட்டும் ஒருமுறை பெயர் பார்த்துச் சரிபார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஐயா, நான் கல்லூரி மாணவி. பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருக்கின்றன. விண்டோஸில் நேரத்தைச் சரிசெய்தால் லினக்ஸில் தவறுகிறது; லினக்ஸில் சரிசெய்தால் விண்டோஸில் தவறுகிறது. விடுதியில் எப்போதும் இணையம் கிடைப்பதில்லை. சில நாள்களில் லினக்ஸில் தேதியே மறுநாளாகிவிடுகிறது. பேட்டரியை மாற்ற வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள்.
– மாணவி, மேலூர்

பதில்: பேட்டரிக்குப் பணம் கொடுக்க வேண்டாம். தேதி மறுநாளாவது மாலை ஆறரைக்குப் பிறகு மட்டும்தானா என்று கவனித்துப் பாருங்கள். அப்படியென்றால் உங்கள் லினக்ஸ் சரியாக ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. தீர்ந்த பேட்டரியால் வரும் பிழை இப்படி முழு அளவில், தினமும் மாறாமல் இருக்காது.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இரண்டு இயங்குதளங்கள் ஒரே வன்பொருள் கடிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் எந்தக் கணினியிலும் உங்கள் சிக்கல் வரும். அந்தக் கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் கருதுகிறது. உலகப் பொது நேரம் இருப்பதாக லினக்ஸ் கருதுகிறது. இரவு ஏழு மணிக்கு விண்டோஸ் அதில் ஏழு என்று எழுதி வைக்கிறது. அடுத்து லினக்ஸைத் திறந்தால், அது அந்த ஏழோடு ஐந்தரையைக் கூட்டி நள்ளிரவு பன்னிரண்டரை என்று காட்டி, தேதியையும் மாற்றிவிடுகிறது. லினக்ஸில் இணையம் கிடைத்து நேரம் திருந்தியதும், அது கடிகாரத்தில் பிற்பகல் ஒன்றரை என்று எழுதுகிறது; அதைப் பார்க்கும் விண்டோஸ் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிவிடுகிறது. ஒன்று மற்றொன்றின் கணக்கைக் கெடுக்கிறதே தவிர, இரண்டுமே தத்தம் விதிப்படி சரியாகத்தான் நடந்துகொள்கின்றன.

இரண்டில் ஒன்றை மாற்ற வேண்டும். விண்டோஸை மாற்றுவதே முறையானது என்று லினக்ஸ் அறிந்தவர்கள் சொல்வார்கள். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில், நேர மண்டலத்துக்குரிய பகுதியில் 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' என்ற மதிப்பைச் சேர்த்து அதை 1 ஆக்கினால், விண்டோஸும் பொது நேரத்துக்கு வந்துவிடும். ரெஜிஸ்ட்ரியில் கைவைத்துப் பழக்கமில்லாதவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. லினக்ஸில் ஒரே வரியில் முடிந்துவிடும்: 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1'. இதைத் தட்டிய பிறகு 'டைம்டேட்சிடிஎல்' என்று மட்டும் தட்டிப் பார்த்தால், வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரம் வைப்பது முழுமையாக ஆதரிக்கப்படவில்லை என்ற நீண்ட எச்சரிக்கை வரும், பயப்பட வேண்டாம். அந்த எச்சரிக்கைக்கு முக்கியக் காரணம், கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் நாடுகளில் இரண்டு இயங்குதளங்களும் ஆளுக்கொரு முறை நகர்த்திவிடும் என்பதுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 முதல் 1945 வரை, இந்தியாவிலும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே வைக்கப்பட்டிருந்தது உண்மை. ஆனால் இன்று நமக்கு அந்தத் தொல்லை இல்லை. பிற்காலத்தில் விண்டோஸை நீக்கிவிட்டு லினக்ஸை மட்டும் வைத்துக்கொண்டால், அதே கட்டளையின் முடிவில் 1க்குப் பதிலாக 0 தட்டி, மாற்றியதைத் திருப்பிவிடுங்கள்.

கேள்வி: நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் மதுரையும் இல்லை, சென்னையும் இல்லை, கொல்கத்தா மட்டுமே இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் நேரம் மாறிவிடாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பரங்குன்றம்

பதில்: மாறாது, தயங்காமல் 'ஏசியா/கொல்கத்தா' என்பதையே தேர்ந்தெடுங்கள். 1970க்குப் பிறகு ஒரே நேரத்தைக் கடைப்பிடித்துவரும் பகுதிக்கு ஒரு பெயர் போதும் என்பதும், அப்பகுதியின் பெரிய நகரத்தின் பெயரை வைப்பது என்பதும் அந்தப் பட்டியலைத் தொகுப்பவர்களின் வழக்கம். பழைய கணினிகளில் கல்கத்தா என்றே இருக்கும். அதுவும் இதுவும் ஒன்றே.

நீங்கள் ஆசிரியர் என்பதால் ஒரு செய்தி. சென்னைக்கென்று தனி நேரம் இருந்தது. சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்பட்ட அந்த நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்தது. இரயில்வேக்கள் அதைத்தான் பயன்படுத்தின. 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இன்றைய இந்திய நேரம் 1906இல் வந்தது. மதுரை ஏறத்தாழ 78.1 பாகையில் இருப்பதால், சூரியன் நம் தலைக்கு நேராக வரும் நண்பகல் ஆண்டுச் சராசரியாகக் கடிகாரத்தின் பன்னிரண்டு மணிக்குப் பிறகு ஏறத்தாழ பதினேழரை நிமிடம் கழித்தே அமைகிறது. கணினியின் நேரத்தை நிழலைப் பார்த்துச் சரிபார்க்க முயலும் வாசகர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கேள்வி: நகருக்கு வெளியேயுள்ள ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைக் கவனித்து வருகிறேன். 40 லினக்ஸ் கணினிகளும் ஒன்றுக்கொன்று இரண்டு நிமிடம் முதல் பன்னிரண்டு நிமிடம் வரை வேறுபடுகின்றன. மாணவர்களின் கோப்புகள் ஒரே சர்வரில் இருப்பதால், சி நிரல்களைத் தொகுக்கும்போது (கம்பைல் செய்யும்போது) 'கடிகார வேறுபாடு கண்டறியப்பட்டது' என்ற பொருளில் எச்சரிக்கை வருகிறது. திருத்திய நிரலைத் தொகுத்தாலும் சில நேரம் பழைய விடையே வருகிறது. எல்லாக் கணினிகளிலும் தானியங்கி நேரம் இயங்குவதாகவே காட்டுகிறது. இணையமும் இருக்கிறது.
– ஆய்வக உதவியாளர், மதுரை மாவட்டம்

பதில்: 'இயங்குகிறது' என்பதும் 'ஒத்திசைந்துவிட்டது' என்பதும் வேறு வேறு. ஏதேனும் ஒரு கணினியில் 'டைம்டேட்சிடிஎல்' என்று மட்டும் தட்டுங்கள். வரும் வரிகளில், கணினிக் கடிகாரம் ஒத்திசைந்ததா என்று கேட்கும் வரிக்கு 'நோ' என்றும், என்டிபி சேவை என்ற வரிக்கு 'ஆக்டிவ்' என்றும் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். சேவை கேட்டுக்கொண்டே இருக்கிறது, பதில்தான் வரவில்லை.

என்டிபி என்பது இணையத்தின் வழியே நேரம் கேட்டுப் பெறும் முறை. டேவிட் மில்ஸ் 1985இல் வரையறுத்த அந்த முறையில், கேள்வி புறப்பட்ட நேரம், சர்வரை அடைந்த நேரம், பதில் புறப்பட்ட நேரம், திரும்பி வந்த நேரம் ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டு, வழியில் செலவான நேரத்தைக் கழித்துவிட்டுச் சரியான நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். இது இணையதளங்களைத் திறக்கப் பயன்படும் வழியில் செல்வதில்லை. யுடிபி 123 என்ற தனி வாசலில் செல்கிறது. கல்லூரிகளில் மாணவர்கள் வேண்டாத தளங்களுக்குப் போகாமலிருக்க வைக்கும் ஃபயர்வால், இணையதளங்களுக்கான வாசல்களை மட்டும் திறந்துவிட்டு மற்றவற்றை அடைத்துவிடுவது வழக்கம். இணையம் நன்றாக இருந்தும் நேரம் மட்டும் வராமல் போவதற்கு இதைவிடப் பொதுவான காரணத்தை நான் கண்டதில்லை.

எல்லாக் கணினிகளுக்கும் அந்த வாசலைத் திறக்கச் சொல்லிக் கேட்டால் நெட்வொர்க் பொறுப்பாளர் மறுப்பார். மறுப்பதில் நியாயமும் உண்டு. ஒரே ஒரு கணினிக்கு மட்டும் கேளுங்கள். மாணவர்களின் கோப்புகள் இருக்கும் சர்வரே அதற்கு ஏற்றது. அதில் 'க்ரோனி' என்ற நேரச் சேவை மென்பொருளை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில், உங்கள் ஆய்வகத்தின் முகவரி வரிசையை 'அலவ்' என்ற சொல்லுக்குப் பின் குறிப்பிடுங்கள். 'லோக்கல் ஸ்ட்ராட்டம் 10' என்ற வரியையும் சேர்த்தால், வெளி இணைப்பு அறுந்துபோன நாளிலும் அது ஆய்வகத்துக்கு நேரம் வழங்கிக்கொண்டிருக்கும். நேரம் சற்றே தவறினாலும் எல்லாக் கணினிகளும் சேர்ந்தே தவறும் என்பதால், உங்கள் தொகுப்புச் சிக்கலுக்கு அதுவே போதும். எந்தக் கோப்பு புதியது என்பதைக் கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டுத்தான் தொகுப்பு நிரல் முடிவு செய்கிறது. பின்தங்கிய கணினியில் திருத்திய நிரல், ஏற்கெனவே தொகுத்து வைத்ததைவிடப் பழையதாகத் தோன்றுவதால்தான் மாணவர்களுக்குப் பழைய விடை வருகிறது.

சர்வர் எங்கிருந்து நேரம் பெற வேண்டும் என்பதற்கும் ஒரு வார்த்தை. இந்தியாவின் நேரத்தைப் பேணும் பொறுப்பு புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்துடையது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட அறிவுறுத்தலில், நிறுவனங்கள் தம் கணினிகளின் நேரத்தைத் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றோடு ஒத்திசைந்த சர்வர்களோடு இணைக்க வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. கல்லூரி நிர்வாகத்திடம் வாசலைத் திறக்க அனுமதி கேட்கும் கடிதத்தில் இதைக் குறிப்பிட்டால் அனுமதி எளிதாகக் கிடைக்கும்.

அமைத்து முடித்ததும் சர்வரில் 'க்ரோனிசி சோர்சஸ்' என்று தட்டிப் பாருங்கள். 'ரீச்' என்ற தலைப்பின் கீழ் 0 இருந்தால் பதில் எதுவும் வரவில்லை, வாசல் இன்னும் அடைத்தே இருக்கிறது என்று பொருள். 377 என்று இருந்தால் கடைசி எட்டுக் கேள்விகளுக்கும் பதில் வந்துவிட்டது. எட்டை அடிமானமாகக் கொண்ட எண்முறையில் எழுதப்படுவதால்தான் அந்த விசித்திரமான எண். சர்வரின் பெயருக்கு முன் நட்சத்திரக் குறி இருந்தால் அதிலிருந்துதான் நேரம் எடுக்கப்படுகிறது. மற்ற கணினிகளுக்கு, 25.10க்கு முந்தைய உபுண்டுப் பதிப்புகளோடு வந்த எளிய நேரச் சேவையே போதும்; அதன் அமைப்புக் கோப்பில் 'என்டிபி=' என்பதற்கு எதிரே உங்கள் சர்வரின் முகவரியை எழுதிச் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். பணி நேரத்தில் க்ரோனி பெரிய பிழையை ஒரே தாவலில் திருத்தாது; கடிகாரத்தைச் சற்று வேகமாகவோ மெதுவாகவோ ஓட்டித்தான் திருத்தும் என்பதால், பல நிமிடப் பிழை மறைய மணிக்கணக்கில் ஆகலாம். சர்வரிலேயே அப்படிப் பிழை இருந்தால் ஆய்வகம் காலியாக இருக்கும்போது 'க்ரோனிசி மேக்ஸ்டெப்' (மேக், ஸ்டெப் என்ற இரு ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து எழுதுவது) கட்டளையைக் கொடுத்து ஒரே அடியில் திருத்திவிடுங்கள்.

கேள்வி: மல்லிகைத் தோட்டத்தில் சொட்டுநீர் மோட்டார் எத்தனை மணிக்கு ஓடியது, மண்ணில் ஈரம் எவ்வளவு என்று குறித்து வைக்க ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினிப் பலகையை வைத்திருக்கிறேன். அங்கே இணையம் இல்லை. மும்முனை மின்சாரம் நின்று திரும்ப வரும்போதெல்லாம் அதன் நேரம் பின்தங்கிவிடுகிறது. ஒரு வாரத்தில் பல மணி நேரம் பின்தங்கிப்போய், இரவு ஓடிய மோட்டார் பகலில் ஓடியதாகப் பதிவாகிறது.
– விவசாயி, உசிலம்பட்டி வட்டம்

பதில்: ராஸ்பெர்ரி பை 4 வரையிலான பலகைகளில் வன்பொருள் கடிகாரமே கிடையாது; விலையைக் குறைக்க அதை விட்டுவிட்டார்கள். பை 5இல் கடிகாரம் உண்டு, ஆனால் அதற்கும் பேட்டரியைத் தனியாக வாங்கி இணைக்க வேண்டும். உங்கள் பலகை அவ்வப்போது நேரத்தை ஒரு கோப்பில் எழுதிவைத்து, மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது. மின்சாரம் இல்லாமல் போன நேரமெல்லாம் அதன் கணக்கில் கழிந்துவிடுகிறது. உங்கள் பதிவுகள் எவ்வளவு பின்தங்கியிருக்கின்றனவோ, அந்த வாரத்தில் ஏறத்தாழ அவ்வளவு நேரம் பலகைக்கு மின்சாரம் இல்லை.

டிஎஸ்3231 என்ற சிப் பொருத்திய சிறிய கடிகாரப் பலகையை வாங்கி, ராஸ்பெர்ரியில் சிறு கருவிகளை இணைப்பதற்கான ஐ2சி ஊசிகளில் இணையுங்கள். டிஎஸ்1307 என்ற மற்றொரு கடிகாரச் சிப் இதைவிட மலிவு. ஆனால் தோட்டத்தில் வெயிலில் இருக்கும் பெட்டிக்குள் அதை வைக்கச் சொல்ல மாட்டேன். குவார்ட்ஸ் படிகத்தின் ஓட்டம் வெப்பத்தோடு மாறும். டிஎஸ்3231 தன் வெப்பநிலையைத் தானே அளந்து அதற்கேற்பத் திருத்திக்கொள்கிறது. 0 முதல் 40 பாகை செல்சியஸ் வரை அதன் பிழை பத்து லட்சத்தில் 2 பங்கு, அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் 3.5 பங்கு.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மலிவாகக் கிடைக்கும் டிஎஸ்3231 பலகைகள் பலவற்றில் பேட்டரிக்கு மின்னேற்றும் சுற்று இருக்கிறது. அவை எல்ஐஆர்2032 என்ற மின்னேற்றக்கூடிய பேட்டரிக்கானவை. சாதாரண சிஆர்2032ஐ அதில் வைத்து 5 வோல்ட் கொடுத்தால் பேட்டரி உப்பவோ கசியவோ வாய்ப்புண்டு. ராஸ்பெர்ரியின் 3.3 வோல்ட் ஊசியிலிருந்தே மின்சாரம் கொடுங்கள். 5 வோல்ட் ஊசியைத் தொட வேண்டாம்.

இணைத்த பின் 'கான்ஃபிக்' கோப்பின் கடைசியில் 'டிடிஓவர்லே=ஐ2சி-ஆர்டிசி,டிஎஸ்3231' என்ற வரியைச் சேர்த்து, நேரத்தைக் கோப்பில் எழுதிவைக்கும் 'ஃபேக்-ஹெச்டபிள்யூக்ளாக்' என்ற மென்பொருள் இருந்தால் அதை நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். பிறகு கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை ஒருமுறை இணைத்து, நேரம் சரியானதைப் பார்த்த பின் 'சூடோ ஹெச்டபிள்யூக்ளாக் -டபிள்யூ' என்று தட்டினால் அந்த நேரம் புதிய கடிகாரத்தில் எழுதப்படும். பழைய பதிவுகளைத் திருத்த முயல வேண்டாம். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் விடுபட்டது என்பது கோப்பில் இல்லை.

கேள்வி: 2038இல் லினக்ஸ் கணினிகள் எல்லாம் நின்றுவிடும் என்கிறார்களே?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: முதல் பதிலில் சொன்ன அந்த நொடிக் கணக்கை 32 பிட் இடத்தில் எழுதிவைக்கும் பழைய நிரல்களுக்கு மட்டுமே அந்த ஆபத்து. அந்த இடத்தில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. நம் நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு அது நிரம்பிவிடும். அடுத்த நொடி 1901 டிசம்பருக்குத் திரும்பிவிடும். இன்று கடைகளில் விற்கும் மேசைக் கணினிகளும் மடிக்கணினிகளும் 64 பிட் என்பதால் கவலையில்லை. 32 பிட் கணினிகளுக்கும் 2020இல் வந்த லினக்ஸ் கருநிரலின் 5.6ஆம் பதிப்பிலிருந்து வழி செய்யப்பட்டுவிட்டது, ஆனால் அவற்றில் ஓடும் நிரல்களையும் புதிதாகத் தொகுத்திருக்க வேண்டும். சுவரில் மாட்டியபின் யாரும் புதுப்பிக்காத கண்காணிப்பு கேமரா பெட்டிகளும் வருகைப் பதிவுக் கருவிகளும்தான் என் ஐயப்பட்டியலில் முதலில் இருக்கின்றன.

கேள்வி: என் கணினியில் நேரம் சரியாக இருக்கிறது. ஆனால் ஏப்ரல் 10ஐ 4/10 என்று காட்டுவதால் பற்றுச்சீட்டுகளில் குழப்பம் வருகிறது.
– மளிகைக் கடை உரிமையாளர், அலங்காநல்லூர்

பதில்: இது கடிகாரத்தின் பிழையன்று, லினக்ஸை நிறுவும்போது மொழியாக அமெரிக்க ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்ததன் விளைவு. அமைப்புகளில் 'பிராந்தியமும் மொழியும்' பகுதியைத் திறந்து, மொழியை அப்படியே விட்டுவிட்டு, வடிவங்கள் என்பதை மட்டும் இந்தியா என்று மாற்றுங்கள். கணக்கிலிருந்து வெளியேறி மீண்டும் உள்ளே வந்தால் நாள் முதலிலும் மாதம் அடுத்தும் வரும். பற்றுச்சீட்டு அச்சிடும் மென்பொருள் தனக்கென்று ஒரு தேதி வடிவத்தை வைத்திருந்தால், அதன் அமைப்புகளிலும் இதே மாற்றத்தைச் செய்ய வேண்டும்.